சம்மதம் யாருடையது?

1935-ஆம் ஆண்டு டிசம்பரில் வார்தாவில் காந்தியடிகளைச் சந்தித்த, அமெரிக்கக் கருத்தடை இயக்கத்தவரான மார்கரெட் சாங்கர் அம்மையார், கருத்தடைச் சாதனங்களுக்கு அவருடைய ஆதரவைப் பெறாமலே திரும்பினார். புலனடக்கமே நெறி என்பதில் அடிகள் அசையாது நின்றார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டில் பெரியார், பிறர் கர்ப்பத்தடையை ஆதரிப்பது பெண்ணின் தேக ஆரோக்கியத்தையும் குடும்பச் சொத்தையும் நாட்டின் தரித்திரத்தையும் கருதி என்றும், தாம் அதை வேண்டுவது பெண் சுதந்திரம் பெறவேண்டும் என்பதற்காகவே என்றும் பிரித்துச் சொல்லியிருந்தார். 1952-இல் இந்திய அரசாங்கம் குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக ஏற்றபோது, பெருகிவரும் ஜனத்தொகையே அதன் கண்முன் நின்றது. பெரியார் சொன்ன காரணம் பின்னுக்குப் போயிற்று. அதன் விளைவை இன்றளவும் பெண்கள் தம் சரீரத்தில் சுமக்கிறார்கள்.

2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் மணவாழ்க்கையில் இருக்கும் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவன் அதைச் செய்துகொண்ட குடும்பங்களோ 0.3 சதவீதமே. ஆணுக்குரிய சிகிச்சை, அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து சில நிமிஷங்களில் முடிக்கத்தக்கது. பெண்ணுக்கோ வயிற்றைக் கீறியாக வேண்டும். ஆண்கள் எக்காலத்திலும் இதற்கு இசையமாட்டார்கள் என்பதும் சரியன்று: 1971-இல் கேரளத்தின் எர்ணாகுளத்தில் நடந்த கருத்தடை முகாமில் ஒரே மாதத்தில் அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் இச்சிகிச்சை செய்துகொண்டனர். நெருக்கடி நிலைக் காலத்தில் ஆண்களை வலிந்து பிடித்துச் செய்த கொடுமையால் மூண்ட சினம் 1977 தேர்தலில் வெளிப்பட்ட பிறகு, அரசாங்கங்கள் ஆண்களை விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பின. பெண்கள் எதிர்த்துக் குரலெழுப்பமாட்டார்கள் என்ற நம்பிக்கையே அதற்கு ஆதாரம். அந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டம் காட்டியது: ஒரே முகாமில் சில மணி நேரத்திற்குள் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டு, அவர்களுள் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்தவேண்டுமென உச்ச நீதிமன்றம் 2016-இல் பணித்தது.

முகாம்கள் நின்றாலும், நிர்ப்பந்தம் வேறு வடிவில் பிரசவ வார்டுக்குள் இருக்கிறது. இரண்டாவது குழந்தை பிறந்த மறுநாள், இரவெல்லாம் கண்மூடாமல் சோர்ந்து கிடக்கும் தாயின் கட்டிலருகே நின்று, “இதோடு ஆபரேஷன் பண்ணிவிடலாமா?” என்று செவிலி கேட்கிறாள்; பதில் ஃபிளாஸ்கும் கையுமாக நிற்கும் மாமியாரிடமிருந்து வருகிறது. “அவன் பாரம் தூக்குகிறவன், அவனுக்கு ஆகாது” என்பது அந்தப் பதிலோடு சேர்ந்தே வரும் வாக்கியம். சித்தாளாகச் செங்கல் சுமக்கப்போகும் மருமகளும் பாரம் தூக்குகிறவள்தான் என்பது அங்கே ஒருவர் நினைவுக்கும் வருவதில்லை. பிறந்த இரண்டும் பெண்ணாயிருந்தாலோ, அதே குடும்பம் அதே ஆபரேஷனை, அவள் கெஞ்சிக் கேட்டாலும், வேண்டாமென்று தடுத்துவிடுகிறது.

பல பெண்கள் தாமே விரும்பி முன்வருகிறார்களே என்ற மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. மாத்திரையென்றால் நாள்தோறும் ஒருவர் கண்ணிலும் படாமல் விழுங்க வேண்டும். காப்பர்-டி போட்டால் உதிரப்போக்கு மிகும் என்ற அச்சம் இருக்கிறது. ஆணுறைக்குக் கணவன் இசைய வேண்டும். இரவுதோறும் மன்றாடுவதைவிட ஒருநாள் வலியைப் பொறுத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் அச்சமின்றி இருப்பது மேல் என்று அவள் தீர்மானிக்கும்போது, அத்தீர்மானத்தில் அநுபவத்தால் விளைந்த விவேகம் இருக்கிறது. அவளை அறியாமையின் பலி என்று இரங்குவது அவளுக்கு இழைக்கும் அவமதிப்பே ஆகும். ஆயினும், மற்ற வாசல்களெல்லாம் அடைபட்டிருக்க, திறந்திருந்த ஒன்றின் வழியே அவள் வெளியேறினாள் என்பதைக் கொண்டு, அவற்றை அடைத்தவர்களைக் குற்றமற்றவர்கள் என்று விடுவித்துவிட முடியாது. கருத்தடை பெண்கள் விஷயம், ஆண் அதைப்பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று மேற்சொன்ன ஆய்வில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட ஆண்கள் கருதினார்கள். தாம்பத்தியத்தின் சுகத்தில் சமபங்கு கொள்ளும் ஒருவன், அதன் பொறுப்பில் மட்டும் பங்கில்லை என்பது எந்தத் தர்மத்துக்கும் அடுக்காது.

அறுவைக்குக் கணவனுடைய கையெழுத்து அவசியமில்லை என்று அரசாங்கத்தின் விதிகளே கூறுகின்றன. அவ்விதி மெய்யாக வேண்டுமானால், கேள்வியைப் பிரசவக் கட்டிலருகே கேட்காமல், கர்ப்பகாலப் பரிசோதனைக்கு அவள் வரும் மாதங்களிலேயே, உறவினரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, எல்லா முறைகளின் நன்மை தீமைகளையும் அவளுக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைத்துக் கேட்க வேண்டும். கணவனையும் ஒருநாள் அதே அறையில் அமரவைத்து, இந்தச் சிகிச்சையை அவனும் செய்துகொள்ளலாம் என்பதையும், அதனால் அவனுடைய பலமோ ஆண்மையோ குறையாது என்பதையும் மருத்துவர் தம் வாயால் சொல்ல வேண்டும்.