ஊர்ச் சொத்தில் ஒரு செருப்பு வார்



சில வாரங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு சகோதரர் என்னைச் சந்தித்தார். வெளியூர்க்காரர். டெண்டர் எடுத்து உள்ளாட்சி வேலைகள் செய்பவர். நம் பள்ளியில் உளூச் செய்யும் இடத்தில் தரை பெயர்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, "ஹஜ்ரத், ஒரு வாறுகால் வேலையில் சிமெண்டும் கம்பியும் மிச்சம் இருக்கு. இங்கே இறக்கிடட்டுமா?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், என் நாவில் முதலில் "அல்ஹம்துலில்லாஹ்" என்றுதான் வந்தது. பிறகுதான் மிச்சம் எப்படி வந்தது என்று விசாரித்தேன். மதிப்பீட்டில் உள்ள கனத்துக்குக் கான்கிரீட் போடவில்லை. அளவுப் புத்தகத்தில் மட்டும் முழு அளவு ஏறியிருக்கிறது. பில்லும் வாங்கியாகிவிட்டது.

அப்படியானால் அந்தச் சிமெண்ட் யாருடையது?

நம் ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 33 வார்டுகள். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 75,000 பேர். நாம் கட்டும் சொத்து வரி, தண்ணீர்க் கட்டணம், நகராட்சிக் கடை வாடகை, அரசு தரும் மானியம் எல்லாம் சேர்ந்ததுதான் அதன் பணம். அந்த மானியத்துக்குள் சோப்பு வாங்கிய ஏழை விதவை கொடுத்த வரியும் இருக்கிறது. தமிழ்நாட்டு நகராட்சிகளில் இதை ஒரே பெட்டியில் போட்டு வைப்பதில்லை. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி என்று கணக்குகள் தனித்தனி. மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. பைத்துல்மாலில் நான்கு வகை வருமானத்துக்கும் நான்கு தனி இடம் வேண்டும் என்று ஹனஃபி ஃபிக்ஹ் நூல்கள் சொல்கின்றன. ஜகாத் பணத்தில் பள்ளிவாசல் கட்டக் கூடாது என்கிறோமே, அதே கவனம்தான் இங்கும்.

கைபரிலிருந்து திரும்பும் வழியில் நடந்ததை புகாரி ஷரீஃபில் காண்கிறோம். நபி (ஸல்) அவர்களின் பணியாளர் மித்அம் என்பவர் எங்கிருந்தோ வந்த அம்பு பட்டு இறந்துபோனார். தோழர்கள் அவருக்குச் சொர்க்கம் கிடைத்ததென்று மகிழ்ந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். கனீமத் பொருளைப் பங்கிடும் முன் அவர் எடுத்துக்கொண்ட ஒரு போர்வை அவர் மீது நெருப்பாக எரிவதாகச் சொன்னார்கள். அதைக் கேட்ட ஒருவர் ஓடிப்போய்த் தான் எடுத்து வைத்திருந்த செருப்பு வாரைக் கொண்டு வந்து வைத்தார். செருப்பு வார், சகோதரர்களே! இன்று அதற்கு என்ன விலை இருக்கும்?

ஒரு தனி மனிதனிடம் எடுத்திருந்தால் அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாம். ஊர்ப் பணத்தை எடுத்தவன் எத்தனை வாசலில் போய் நிற்பான்? அந்த வாறுகால் உடைந்து சாக்கடை ஏறும் வீட்டில் இந்துச் சகோதரர் இருப்பார், கிறிஸ்தவர் இருப்பார், நம் ஜமாஅத்தாரும் இருப்பார்.

கான்ட்ராக்டரை மட்டும் பார்த்து நாம் தலையாட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். மாடியை எடுத்துக் கட்டிவிட்டுக் கீழ்த்தளத்துக்கு மட்டும் வரி கட்டுகிறவர் நம்மிலும் உண்டு. கடையை வாடகைக்கு விட்டுவிட்டு வீடு என்று காட்டுகிறவரும் உண்டு. "அரசாங்கக் காசுதானே ஹஜ்ரத், மேலே இருக்கிறவன் எடுக்காததா?" என்பார்கள். அவன் எடுத்ததற்கு அவன் கணக்கு. நம் ஏட்டில் நாம் எடுத்ததுதானே இருக்கும்?

மேலே இருப்பவர்களைக் கேட்கவும் வழி இருக்கிறது. நகர்ப்புற வார்டுகளில் ஏரியா சபை என்ற கூட்டம் 2022 நவம்பர் 1 முதல் நடக்கிறது. நம் தெரு வேலையின் மதிப்பீடு எவ்வளவு, நீளம் எவ்வளவு, கனம் எவ்வளவு என்று அங்கே கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடலாம். டீக்கடையில் பேசுவதில் பாதி நேரம்கூட ஆகாது.

அந்தச் சகோதரரிடம் நான் சொன்னது இதுதான்: "உரிமையாளர் யாரென்று தெரியாத பொருளைத்தான் தர்மம் செய்துவிட்டு ஒதுங்க முடியும். இதன் உரிமையாளர் யாரென்று உங்களுக்கே தெரியும், அந்த ஊர். குறைத்த இடத்தில் உங்கள் செலவில் திரும்பப் போடுங்கள். முடியாவிட்டால் பணத்தை அந்தக் கணக்கிலேயே கட்டுங்கள். பள்ளிக்கு வேண்டாம்."

அவர் பதில் சொல்லாமல் போய்விட்டார். அவர் யாராக இருக்கும் என்று யாரும் ஆராய வேண்டாம். அவருக்காக துஆச் செய்யுங்கள், எனக்காகவும்.

உளூச் செய்யும் இடம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பெரியவர்கள் வழுக்கிவிடாமல் பார்த்து நடங்கள். ஞாயிறு இஷாவுக்குப் பின் நிர்வாகம் கூடுகிறது. தரைச் செலவுக்குத் தர விரும்புபவர்கள் அன்று பெயர் கொடுக்கலாம்.