கூவி விற்கக் கூச்சமா?

கடை திறந்துவிட்டாய். இன்ஸ்டாகிராமில் பெயர் வைத்தாய். படம் போட்டாய். சொந்தக்காரர்கள் லைக் போட்டார்கள்.

ஆர்டர் வந்ததா? வரவில்லை!

உடனே என்ன சொன்னாய்? "காரைக்குடிப் பக்கம் ஒரு மூலையில் உட்கார்ந்து கொட்டான் முடைந்தால் எவர் கண்ணில் படும்?"

நிறுத்து! இந்தப் புலம்பலை இன்றோடு நிறுத்து!

எந்த ஊரைக் குறை சொல்கிறாய்? இந்த வறண்ட செட்டிநாட்டுச் சீமையிலிருந்துதான் நகரத்தார் வணிகர்கள் கப்பலேறிப் போனார்கள். ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று போன இடமெல்லாம் கொடுக்கல் வாங்கல் நடத்தினார்கள்.

முதலில் போனவருக்கு அங்கே யாரைத் தெரியும்? பாஷை தெரியுமா? ஊருக்குக் கடிதம் போட்டால் பதில் வர எத்தனை வாரம்?

உனக்கு அந்தக் கஷ்டம் உண்டா? முக்குக் கடையில் ரீசார்ஜ் செய்தால் போதும், சிங்கப்பூர் உன்னோடு பேசும். அப்படியும் நீ திண்ணையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாய்!

உன் ஊர் சின்னதாக இருக்கலாம். அதைவிடச் சின்னதாக உன்னை நீயே ஆக்கிக்கொள்ளலாமா?

"என் பொருள் நல்ல பொருள். நல்ல பொருள் தானாக விற்கும்." இப்படித்தானே நம்பிக்கொண்டிருக்கிறாய்?

தானாக விற்குமா? எங்கே விற்றது? யாருக்கு விற்றது?

உன் கையில் இருக்கும் கொட்டானின் கதையையே எடுத்துக்கொள்.

பனங்குருத்தைக் காயவைத்து, ஒரே அகலத்துக்குக் கீறி, சாயத்தில் கொதிக்கவைத்து, விரல் நோக முடைந்து, மணி கோத்து விளிம்பு கட்டிய கூடைதான் கொட்டான். நகரத்தார் வீட்டுக் கல்யாணங்களில் அது இல்லாமல் சீர் உண்டா? ஆச்சிமார் தங்கள் கையாலேயே முடைந்தார்கள்.

பிறகு எவர்சில்வர் வந்தது. பிளாஸ்டிக் வந்தது. கொட்டான் பரணுக்குப் போனது.

கொட்டானின் தரம் குறைந்ததா? ஓலை கெட்டுப்போனதா? ஒன்றும் இல்லை! அதை எடுத்துக் காட்ட ஆளில்லை. அவ்வளவுதான்.

அப்புறம் என்ன நடந்தது? விசாலாட்சி ராமசாமி என்ற ஒரு பெண்மணி இறங்கினார். எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாசார அறக்கட்டளை மூலம், காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமத்துப் பெண்களுக்கு முடையப் பயிற்சி கொடுத்தார். மறந்துபோன கையை மீண்டும் பழக்கினார். பொருளை வெளியே கொண்டுபோனார்.

கொட்டானுக்கு யுனெஸ்கோவின் கைவினைச் சிறப்பு முத்திரை வந்தது. புவிசார் குறியீடும் வந்தது.

அதே ஓலை! அதே பின்னல்! பரணில் கிடந்தபோது யாரும் திரும்பிப் பார்க்காத பொருள், ஒருவர் கையிலெடுத்துச் சபைக்குக் கொண்டுபோனதும் உலகத்தின் கண்ணில் பட்டது.

உன் கொட்டான் இப்போது எங்கே இருக்கிறது? சபையிலா, பரணிலா? போனுக்குள் ஏற்றிவிட்டு மறந்துபோனால் அதுவும் பரண்தான்!

செய்வது பாதி வேலை. காட்டுவது மறு பாதி. முதல் பாதிக்கு முதுகு ஒடிய உழைக்கிறாய். இரண்டாம் பாதிக்குக் கால் மணி நேரம்கூடக் கொடுப்பதில்லை. பிறகு ஆர்டர் எப்படி வரும்?

சரி, ஏன் கொடுப்பதில்லை? நேரம் இல்லையா?

பொய்! கூச்சம்!

"தெரிந்தவர்களுக்கு அனுப்பினால் தப்பாக நினைப்பார்களோ? வீடியோவில் பேசினால் சிரிப்பார்களோ? ஒன்றையே திரும்பத் திரும்பப் போட்டால் சலித்துக்கொள்வார்களோ?"

சிரிக்கட்டுமே! சிரிப்பவரா உன் வீட்டு அரிசிக்குக் காசு கொடுக்கிறார்?

நீ திருடுகிறாயா? கலப்படம் செய்கிறாயா? உழைத்த பொருளுக்கு விலை கேட்கிறாய். இதில் தலைகுனிய என்ன இருக்கிறது? காலையில் தெருவில் கீரை கூவி விற்கும் அம்மாவுக்கு இல்லாத கூச்சம் உனக்கு எங்கிருந்து வந்தது?

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். வாயைத் திற!

"திறந்தேன். படம் போட்டேன். யாரும் பார்க்கவில்லை."

என்ன படம் போட்டாய்? டியூப்லைட் வெளிச்சத்தில், கசங்கிய பெட்ஷீட் மேல் வைத்து எடுத்த படமா? அதைப் பார்த்து யார் பணம் அனுப்புவார்?

கடைக்கு வருபவர் தொட்டுப் பார்ப்பார். போனில் பார்ப்பவரால் தொட முடியுமா? அவர் கையாக உன் படம்தான் வேலை செய்ய வேண்டும்.

காலை வெயில் ஏறும் முன் திண்ணைக்கு வா. வீட்டில் வளவு இருந்தால் வளவுக்கு வா. காசில்லாமல் கொட்டுகிறது வெளிச்சம்!

கொட்டானைத் தனியாக எடுக்காதே. பக்கத்தில் ஒரு டம்ளரை வை. அளவு புரியட்டும். உள்ளே வெற்றிலை பாக்கு வைத்து ஒரு படம் எடு. பின்னல் தெரியக் கிட்டத்தில் ஒன்று எடு. அடிப்பக்கத்தையும் எடு.

கண்டாங்கிச் சேலை விற்கிறாயா? 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது! அதை மடித்து பாலித்தீன் கவரோடு படமெடுப்பதா? பிரித்துப் போடு. கட்டத்தைக் காட்டு. அகலக் கரையைக் காட்டு. நீளம் எவ்வளவு, ரவிக்கைத் துணி உண்டா, முதல் தடவை எப்படித் துவைப்பது, எல்லாவற்றையும் எழுது. அரக்குச் சிவப்பு படத்தில் ஆரஞ்சாகத் தெரிகிறதா? அதைப் போடாதே. மறுபடி எடு. இன்று சோம்பினால் நாளை சேலை திரும்பி வரும்.

இன்னொன்று கேட்கிறேன். உன்னிடம் இருப்பதில் மெஷினிடம் இல்லாதது எது?

உன் கை!

அந்தக் கையை ஏன் ஒளித்து வைத்திருக்கிறாய்?

ஆத்தங்குடிக்குப் போய்ப் பார். தரைக்கல் செய்பவர் ஒரு கண்ணாடித் துண்டைத் துடைக்கிறார். சட்டத்துக்குள் வைக்கிறார். அதன் மேல் பூப்போட்ட தகட்டு அச்சு. கட்டம் கட்டமாகக் கலர்க் கலவையை ஊற்றுகிறார். கை நடுங்காமல் அச்சைத் தூக்குகிறார். மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிறார். தண்ணீர்த் தொட்டியில் ஊறி, காய்ந்து வந்த பிறகு கண்ணாடியை எடுக்கிறார்.

பளிச்சென்று பூ!

அந்த ஒரு நொடியைப் பார்க்கும் எவருடைய விரலும் ஸ்க்ரீனில் அப்படியே நின்றுவிடும். பாலிஷ் போட்ட பளபளப்பு இல்லை, கண்ணாடி கொடுத்த பளபளப்பு என்று ஒருவருக்குப் புரிந்தால், அவர் விலையைப் பற்றி வாய் திறப்பாரா?

உன் தொழிலில் அந்த நொடி எது? ஓலை சாயத்திலிருந்து வெளியே வரும் நொடியா? முதல் முடிச்சா? கடைசி மணியா? கண்டுபிடி! அதைப் படம் பிடி!

முப்பது வினாடி போதும். பாட்டு வேண்டாம், மேக்கப் வேண்டாம். உன் விரலும் பொருளும் தெரிந்தால் போதும்.

தப்பாகப் பின்னியதைப் பிரித்து மறுபடி பின்னுவாயே, அதையும் காட்டு. எதற்கு இந்த விலை என்று நீ வாயால் சொல்ல வேண்டியதே இருக்காது.

"போட்டி அதிகம். மெஷின் பொருள் பாதி விலைக்குக் கிடைக்கிறது."

கிடைக்கட்டும்! மெஷின்காரனோடு விலையில் மல்லுக்கு நிற்காதே. நீ தோற்பாய். நேரடியாகவே சொல்கிறேன், நிச்சயம் தோற்பாய். அவனால் முடியாததைச் செய். மணப்பெண்ணின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் அவன் கொட்டானில் பின்னித் தருவானா? கல்யாணப் புடவையின் கலருக்கு ஓலையைச் சாயமேற்றுவானா? நீ தருவாய். அதை உரக்கச் சொல்!

"எப்படித் தேடி வருவார்கள்?"

நல்ல கேள்வி. வாங்குபவர் என்ன வார்த்தை போட்டுத் தேடுவார் என்று ஒருநாளாவது யோசித்தாயா? கொட்டான் என்ற பெயர் கோயம்புத்தூர்க்காரருக்குத் தெரியுமா? அவர் ரிட்டர்ன் கிஃப்ட் என்று தேடுவார். பனை ஓலைக் கூடை என்று தேடுவார். தாம்பூலத்தோடு என்ன கொடுக்கலாம் என்று தேடுவார்.

அத்தனை வார்த்தையையும் எழுது. கொட்டான் என்ற பெயரையும் விடாதே. இன்று தெரியாதவருக்கு நாளை உன்னால் தெரியட்டும்.

எப்போது தேடுவார் என்று யோசித்தாயா? கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதே தாம்பூலக் கணக்கும் போட்டுவிடுவார்கள். வைகாசி முகூர்த்தத்துக்கு வைகாசியில் படம் போட்டால் யார் வாங்குவார்? மாசியிலேயே போடு! ஆவணிக்கு ஆனியிலேயே போடு! பிள்ளையார் நோன்புக்கு வெளிநாட்டு நகரத்தார் ஒன்றுகூடுவார்கள். முன்கூட்டியே அவர்கள் குழுவுக்குச் செய்தி போகட்டும். ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். நாடே கைத்தறி பேசும் அன்று உன் கண்டாங்கி பெட்டிக்குள் தூங்கலாமா?

பெயரில் கவனம் வை. அந்தக் காலத்து நகரத்தார் கடைகளுக்கு விலாசம் உண்டு. சில எழுத்துகள்தான். கடல் தாண்டியும் அந்த எழுத்துகளுக்கு மதிப்பு இருந்தது. நாணயம் அவற்றின் பின்னால் நின்றது.

உன் விலாசம் எது? இன்ஸ்டாகிராமில் ஒரு பெயர், வாட்ஸ்அப்பில் ஒரு பெயர், பார்சலில் வெறும் போன் நம்பர். யார் உன்னை ஞாபகம் வைத்துக்கொள்வார்? ஒரே பெயர் வை. எல்லா இடத்திலும் அதையே எழுது. அந்தப் பெயரைக் காப்பாற்று.

காசு கொடுத்துப் போலி ஃபாலோயர்ஸ் வாங்காதே. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லாதே. பொய் ஒருமுறை விற்கும். உண்மைதான் மறுமுறை விற்கும்.

"விளம்பரத்துக்குப் பணம் இல்லை."

வாட்ஸ்அப் பிசினஸ் கேட்லாகுக்குப் பணம் கேட்டார்களா? கூகுள் மேப்பில் உன் கடையைச் சேர்க்கப் பணம் கேட்டார்களா? ரீல்ஸ் போடப் பணம் கேட்டார்களா? பணம் தேவையில்லாத வேலையையே முடிக்காத நீ, பணத்தைப் பற்றி ஏன் பேசுகிறாய்?

"எனக்கு இங்கிலீஷ் வராது."

தமிழ் வருமல்லவா? தமிழில் பேசு! உலகமெங்கும் தமிழர்கள் ஊர்ப் பேச்சைக் கேட்க ஏங்கிக் கிடக்கிறார்கள். உன் பேச்சில் செட்டிநாட்டு வாடை அடிக்கட்டும். அது குறையா? அதுதான் உன் கடையின் பெயர்ப் பலகை!

"ஜி.எஸ்.டி. நம்பர் இல்லை. ஆன்லைன் தளத்தில் சேர்க்க மாட்டார்கள்."

கேட்டுப் பார்த்தாயா? 2023 அக்டோபர் 1 முதல் விதி மாறிவிட்டது. ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாமல், தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால், தளம் வழியே விற்பதற்காகவே முழுப் பதிவு எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பான் கொடுத்து ஜி.எஸ்.டி. போர்ட்டலில் ஒரு பதிவெண் வாங்கிக்கொண்டால் போதும். வெளிமாநிலத்துக்கு அனுப்பும் நாள் வரும்போது ஒரு கணக்காளரிடம் போ. அந்த நாள் வரட்டும் முதலில்!

எல்லாச் சாக்கும் தீர்ந்ததா? கடைசியாக ஒன்றை வைத்திருப்பாய். எனக்குத் தெரியும்.

"முயற்சி செய்தேன். தோற்றுப்போனேன்."

தோற்றாயா? அப்படியானால் இன்னொரு காரைக்குடிக்காரரைச் சொல்கிறேன், கேள்.

ஏ.வி. மெய்யப்பன். 1907-இல் காரைக்குடியில் பிறந்தவர். கிராமபோன் ரெக்கார்டு வியாபாரத்திலிருந்து படமெடுக்கப் போனார். 1935-இல் அல்லி அர்ஜுனா எடுத்தார். தோல்வி! அடுத்து ரத்னாவளி. அதுவும் தோல்வி!

மூட்டை கட்டினாரா? மறுபடி எடுத்தார்.

1945-இல் ஏவிஎம் தொடங்கினார். சென்னையில் ஸ்டுடியோவுக்கு மின்சாரம் கிடைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாரா? காரைக்குடிக்குத் திரும்பினார். தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டார். ஆமாம், கீற்றுக் கொட்டகை! அங்கே எடுத்த நாம் இருவர் 1947-இல் வெளியாகித் தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது.

கரண்ட் இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். ஊர் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். எந்த ஊரைச் சாக்காக நீ சொல்கிறாயோ, அந்த ஊருக்குத்தான் அவர் தேடி வந்தார்!

உன் தோல்வி எத்தனை பெரிது? நாலு ரீல்ஸ் ஓடவில்லை. இரண்டு பேர் விலை கேட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். இதற்குப் பெயர் தோல்வியா? இதற்குப் பெயர் வியாபாரம்!

விலை கேட்டவர் ஏன் ஓடினார்? அவரையே கேள். விலையா? கூரியர் செலவா? நீ பதில் சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டாயா? பதில் வந்தால் உனக்குப் பாடம். வராவிட்டால் உனக்கு என்ன நஷ்டம்?

ஓடாத வீடியோவைத் திரும்பப் பார். முதல் மூன்று வினாடியில் என்ன தெரிகிறது? உன் கடைப் பெயரா? அதை எடுத்துவிட்டு சாயத் தண்ணீரை வை. மறுபடி போடு. அதுவும் ஓடாவிட்டால் வேறொன்று போடு!

முதல் ஆர்டர் வரும். வந்தே தீரும். அது ஒரே ஒரு கொட்டானாக இருக்கலாம். ஆயிரம் ரூபாய்க்குக் கீழே இருக்கலாம். அதை ஆயிரம் கொட்டான் ஆர்டர் போலக் கட்டு. நசுங்காத அட்டைப் பெட்டியில் வை. உன் கையெழுத்தில் இரண்டு வரி எழுது. எந்த ஊரில், யார் கையால் முடைந்தது என்று சொல். போய்ச் சேர்ந்ததும் படம் ஒன்று கேள். அவர் வீட்டுக் கூடத்தில் உன் கொட்டான் இருக்கும் படத்துக்கு ஈடான விளம்பரம் எந்தக் கம்பெனியாலும் தர முடியாது.

அவர் இன்னொருவரிடம் சொல்வார். அந்த இன்னொருவர் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு இருநூறு கேட்பார். அப்போது கை போதாது என்று நீ ஆள் தேடுவாய். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் முடையச் சொல்லித் தருவாய். நீ கூச்சத்தை விட்டால் உன் தெருவே பிழைக்கும்!

இன்னும் என்ன யோசனை?

போன் கையில்தானே இருக்கிறது? மூடு இந்தக் கட்டுரையை. ஒரு கொட்டானை எடு. வெளிச்சத்துக்கு வா. எடு படத்தை. எழுது விலையை. தைரியமாக எழுது!

தெரிந்த பத்துப் பேருக்கு இப்போதே அனுப்பு. ஒன்பது பேர் பதில் போடாவிட்டால் என்ன? நாளைக்கு வேறு பத்துப் பேர்!

கூவு! விற்கும்வரை கூவு!