யாரைப் பார்த்துக் கீழ்ப்படிவது?

லூக்கா 18ஆம் அதிகாரத்தில் ஜெபம் செய்ய ஆலயத்துக்குப் போகும் பரிசேயன் பொய் சொல்லியதாகக் கதையில் எங்கும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் உபவாசம், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை என்று அவன் அடுக்கியதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். மோசேயின் சட்டம் ஆண்டுக்கு ஒரு நாள் உபவாசத்தைத்தான் கட்டாயமாக்கியது. அந்த வகையில் அவன் கேட்டதற்கு மேலேயே கொடுத்தவன். ஆனாலும் நீதிமானாக வீடு திரும்பியவன் அவனல்ல, தூரத்தில் நின்ற ஆயக்காரன். செயலில் குறையில்லை, பார்வைதான் தடம் மாறியது. கடவுளிடம் பேசத் தொடங்கியவன் மறுமூச்சிலேயே தன் கணக்கைப் பார்க்கப் போய்விட்டான்.

இந்தப் பெருமையைக் கண்டுகொள்ள யாருக்கும் அதிக நேரம் ஆகாது. தப்பிவிடுவது அதன் உடன்பிறப்பான குற்ற உணர்வு. 1505இல் எர்ஃபுர்ட் நகரின் அகுஸ்தீன் மடத்தில் சேர்ந்த மார்ட்டின் லூதர், மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்தவர். ஒன்றை விட்டுவிட்டோமோ என்ற பயம் அவரை விடவில்லை. அவருடைய துறவற சபையின் மேலதிகாரி ஸ்டௌபிட்ஸ் அவருக்குச் சொன்ன மருந்து எளியது: உன் பாவங்களைத் துருவிக்கொண்டிருக்காதே, கிறிஸ்துவின் காயங்களைப் பார். தன் புண்ணியத்தை எண்ணுகிறவனும் தன் பாவத்தை எண்ணுகிறவனும் நிற்பது ஒரே கண்ணாடியின் முன்தான்.

அப்படியானால் தன்னை முழுவதுமாக அழித்துவிட்டால் கீழ்ப்படிதல் தூய்மையாகிவிடுமா? இந்தக் கேள்வியை அதன் எல்லைவரை கொண்டுபோனவர் பிரான்சின் காம்ப்ரே பேராயர் ஃபெனெலோன். 1697இல் வெளியிட்ட நூலில், பலன் எதையும் நாடாமல், மோட்சத்தைக்கூடக் கருதாமல் கடவுளை நேசிப்பதே அன்பின் உச்சம் என்று அவர் வாதிட்டார். ஆயர் பொசுவே கடுமையாக எதிர்த்தார். நம்பிக்கையோடு காத்திருப்பது கடவுளே கட்டளையிட்ட நற்பண்பு. அதைத் தூக்கியெறிவது எப்படிப் பக்தியாகும் என்பது அவர் கேள்வி. பொசுவேயின் நடத்தையில் பெருந்தன்மை குறைவு. அரசவை அரசியலும் அந்தச் சண்டையில் நிறையவே கலந்திருந்தது. ஆனால் கேள்வி சரியானது. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் முதலில் வருவது பிதாவின் நாமம், ராஜ்யம், சித்தம். அதன் பிறகு அன்றாட அப்பம் கேட்கப்படுகிறது. பசி அங்கே மறைக்கப்படவில்லை, அதற்குரிய வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது. 'எனக்கு எதுவுமே வேண்டாம்' என்று கடவுளிடம் சொல்வது சில நேரம் மிக நுட்பமான தற்பெருமை.

1699 மார்ச்சில் போப் பன்னிரண்டாம் இன்னொசென்ட் ஃபெனெலோனின் நூலிலிருந்து 23 கருத்துகளைக் கண்டித்தார். ஃபெனெலோன் வாதாடவில்லை. தீர்ப்பை ஏற்றுக்கொண்டதாகத் தன் மறைமாவட்டத்துக்கே சுற்றுமடல் எழுதினார். அது கடவுளை முன்னிட்ட பணிவா, பதவியைக் காக்கும் சாமர்த்தியமா? வெளியிலிருந்து யாரும் அளக்க முடியாது; அவராலேயே அளந்திருக்க முடியுமா என்பதும் சந்தேகம். நோக்கத்தின் தூய்மை உறுதிப்பட்ட பிறகுதான் கீழ்ப்படிவேன் என்று காத்திருப்பவனின் வேலை நடக்கப்போவதில்லை. அந்தக் காத்திருப்பிலும் அவன் பார்த்துக்கொண்டிருப்பது தன்னைத்தான்.

இதே போதனைக்கு ஆபத்தான பயன்பாடும் உண்டு. 'உன்னைப் பார்க்காதே, கடவுளைப் பார்' என்பது அதிகாரத்தில் இருப்பவர் வாயில் வரும்போது அதன் பொருளே திரிந்துவிடுகிறது. அடிபடும் மனைவியிடம், ஏமாற்றப்பட்ட வேலையாளிடம், சபையில் நடந்த அநியாயத்தைச் சொல்ல வந்தவரிடம் அப்படிச் சொல்வது வாயடைப்பு. ஸ்டௌபிட்ஸின் மருந்து, தன்னைத்தானே வதைத்துக்கொண்டவருக்கு. பிறரால் வதைக்கப்படுபவருக்கு அதைக் கொடுப்பவர் கடவுளைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு தன் இருக்கையைக் காத்துக்கொள்கிறார்.

ஃபெனெலோனின் கடைசி ஆண்டுகள் அவருடைய நூலைவிடத் தெளிவாகப் பேசுகின்றன. அரசர் பதினான்காம் லூயியின் கோபத்தால் மறைமாவட்டத்தை விட்டு வெளியேற முடியாதவராக இருந்தவர், 1709இன் பஞ்சத்திலும் போரிலும் தன் அரண்மனையைக் காயம்பட்ட வீரர்களுக்கும் அகதிகளுக்கும் திறந்துவிட்டார். அந்த நாட்களில் அவர் அன்பின் தூய்மையை ஆராய நேரம் கிடைத்திருக்குமா தெரியாது. காயத்துக்குக் கட்டும் பசிக்குச் சோறும் வேண்டியிருந்தன.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் நியாயத்தீர்ப்புக் காட்சியில் நீதிமான்கள் திகைக்கிறார்கள்: உமக்கு எப்போது உணவளித்தோம்? தங்கள் நற்செயல் அவர்களுக்கே நினைவில்லை. தன்னை மறந்த கீழ்ப்படிதலுக்கு இந்த இடத்தையே பலர் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் இடப்புறம் நிறுத்தப்பட்டவர்களும் ஏறக்குறைய அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: உம்மை எப்போது கண்டும் உதவாமல் போனோம்? அவர்களும் கணக்கு வைத்திருக்கவில்லை; அவர்களுக்கும் ஒன்றும் நினைவில்லை. இரு தரப்புக்கும் இடையே இருக்கும் வேறுபாடு, வாசலில் நின்ற பசித்தவர் சாப்பிட்டாரா இல்லையா என்பது மட்டுமே.