கஅபாவின் வாசலும் நம் பள்ளியின் ஐந்து படிகளும்



உம்ரா போய் வந்தவர்கள் யோசித்துப் பாருங்கள். கஅபாவின் வாசல் தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஏணி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. ஏன் இவ்வளவு உயரம்?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் இதைத்தான் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. தாங்கள் விரும்பியவரை உள்ளே விடவும், விரும்பாதவரைத் தடுக்கவும்தான் குறைஷிகள் வாசலை உயர்த்தினார்கள் என்று நபியவர்கள் பதில் சொன்னார்கள். முஸ்லிமின் ஓர் அறிவிப்பில் இன்னும் இருக்கிறது. பிடிக்காத ஒருவர் வந்தால் ஏற விடுவார்களாம். நுழையப் போகும் நேரத்தில் தள்ளிவிடுவார்களாம். அல்லாஹ்வின் வீட்டு வாசலில் நடந்தது இது!

நபியவர்களின் விருப்பம் வேறாக இருந்தது. மக்கள் இஸ்லாத்துக்குப் புதியவர்கள், மனம் ஒப்பமாட்டார்கள் என்ற அச்சம் மட்டும் இல்லையென்றால், வாசலைத் தரையோடு இறக்கி, நுழைய ஒன்று, வெளியேற ஒன்று என்று இரண்டு வாசல் வைத்திருப்பேன் என்றார்கள். அன்னையின் சகோதரி மகன் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) மக்காவை ஆண்டபோது அப்படியே கட்டினார்கள். ஹிஜ்ரி 73-ல் அவர்கள் ஷஹீதானபின் ஹஜ்ஜாஜ் வாசலைப் பழையபடி உயர்த்திவிட்டார். ஆனால் ஹிஜ்ரைப் பாருங்கள். அதுவும் கஅபாவைச் சேர்ந்த இடம்தான். அதற்குக் கதவும் இல்லை, ஏணியும் இல்லை.

இப்போது நம் பள்ளிக்கு வருவோம். மஸ்ஜிதுக்கு நாம் வைத்திருக்கும் பெயரே பள்ளி'வாசல்'. நம் வாசலில் ஐந்து படிகள், வழவழப்பான கிரானைட். போன ரமளான் வரை முதல் ஸஃப்பில் நின்ற ஒரு பெரியவர் இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார். நான்கு வாலிபர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு வாரம் வந்தார், பிறகு வரவில்லை. வீட்டுக்குப் போய் விசாரித்தேன். "பாரமா இருக்கேன் ஹழ்ரத்" என்றார். அந்தப் படிகளில் தினம் ஏறுகிறவன் நான். அதுவரை எனக்கும் அது தோன்றவில்லை. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நோயாளிக்கு ஜும்ஆ கடமையில்லையே என்று ஒருவர் கேட்டார். உண்மைதான். அந்தச் சலுகை அவருக்கு அல்லாஹ் கொடுத்தது. வாசலை அடைத்துவைக்க நமக்குக் கொடுத்ததல்ல.

முகப்பு அழகு கெட்டுவிடும் என்கிறார்கள். கெடட்டும்.

சாய்வுப் பாதை போடுவதென்று ஜமாஅத்தில் பேசியாகிவிட்டது. ஆனால் பத்தடியில் முடித்துவிடலாம் என்று கொத்தனார் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. நம் படிகள் ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், மொத்தம் இரண்டரை அடி. அப்படியானால் முப்பது அடி வேண்டும். கேட்டுக்கும் கதவுக்கும் நடுவே அவ்வளவு இடம் இல்லை. அதனால் பாதி வழியில் ஒரு சமதளம் வைத்துத் திருப்ப வேண்டும். பத்தடியில் போட்டால் பார்க்கத்தான் பாதை. பின்னால் தள்ளுகிறவரின் கை நழுவினால் நாற்காலி உருண்டுவிடும்.

செருப்பு அலமாரி ஹவுள் பக்கம் போகும். இன்னொன்று, வெள்ளிக்கிழமை தாமதமாக வருகிறவர்கள் அந்தப் பாதையில் செருப்பையும் பைக்கையும் விடக்கூடாது. இரண்டையும் விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இப்போதே சொல்கிறேன்.

வேலை முடிந்ததும் அந்தப் பெரியவரை அழைக்க நானே போகிறேன். யா அல்லாஹ்! அதுவரை அவருக்கு ஆயுளையும் ஆஃபியத்தையும் தருவாயாக. ஆமீன்.