அருவியை மறைப்பது அறமா?

மலையிலே பாதை ஒன்று போகிறது. அதில் நடந்து வந்தவன் ஓரிடத்தில் நிற்கிறான். தொலைவிலே நீர் வீழும் ஓசை கேட்கிறது. பாதையோ அந்தப் பக்கம் திரும்பவில்லை. தோளிலே புகைப்படக் கருவி, காலிலே வலிவு, நெஞ்சிலே ஆவல்! புதரை விலக்குகிறான், பாசி படர்ந்த பாறையைப் பற்றுகிறான், சரிவிலே இறங்குகிறான், அருவியைக் காண்கிறான், படமெடுக்கிறான். ஊர் திரும்பியதும் படத்தைக் காட்டுகிறான். "எங்கே இருக்கிறது இந்த எழில்?" என்று கேட்கின்றனர் நண்பர்கள். "அதை மட்டும் கேட்காதீர்கள்!" என்று கூறிப் புன்னகை புரிகிறான்.

அந்தப் புன்னகையைத்தான் நாம் ஆராயப் புகுகிறோம்.

அவன் பக்கம் நியாயமே இல்லை என்று கூறிவிட முடியாது. இடத்தைச் சொன்னால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் காடு கெடும் என்கிறான். சான்றும் இருக்கிறது. ஐஸ்லாந்து நாட்டிலே ஃபியாத்ரார்கிளியூவுர் என்றொரு மலைப்பிளவு. சுமார் 100 மீட்டர் ஆழம், விளிம்பெல்லாம் பசும்பாசி. 2015-ஆம் ஆண்டு ஜஸ்டின் பீபர் என்னும் பாடகர் அங்கே ஆடித் திரிந்த பாடற்காட்சி வெளிவந்தது. உலகமே அங்கு திரண்டது. பாதை போதவில்லை, பாசியின்மீது நடந்தனர். 2019-இல் அரசு அந்த இடத்தை மூடிவைக்க வேண்டியதாயிற்று. குளிர்நாட்டுப் பாசி மிதிபட்டால் மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். பாட்டுக்குச் சில நிமிடம், பாசிக்கு ஒரு தலைமுறை!

ஆகவே மறைப்பதே அறம் என்று முடித்துவிடலாமா? பொறுங்கள். மறைப்பவனும் மிதித்துத்தானே போனான்?

"நான் ஒருவன்தானே, என் ஒரு காலடியால் என்ன கெட்டுவிடும்?" என்பது அவன் வாதம். கேட்க இனிக்கிறது, ஆனால் அறிவியல் அதற்குத் துணை நிற்கவில்லை. காட்டிலே மனிதர் நடப்பதால் விளையும் கேட்டை அளந்து பார்த்த ஆய்வாளர்கள் வியப்பானதோர் உண்மையைக் கண்டனர். நடப்பவர் தொகைக்கு நேர்விகிதமாகக் கேடு வளர்வதில்லை. மிதிபடாத நிலத்தில் முதலில் விழும் காலடிகளே பெருங்கேட்டைச் செய்கின்றன: இளஞ்செடி முறிகிறது, உதிர்ந்த சருகு விலகுகிறது, மண் இறுகுகிறது, மழைநீர் அந்தத் தடத்தையே வாய்க்காலாக்கிக் கொள்கிறது. அதன் பின்னர் எத்தனையோ பேர் அதே தடத்தில் நடந்தாலும் கேடு அந்த வேகத்தில் ஏறுவதில்லை. செப்பனிட்ட ஒரே பாதையில் ஆயிரம் பேர் போவதைவிட, ஆளுக்கொரு வழியாக ஐம்பது பேர் புகுவது காட்டுக்குக் கொடிது! அதிலும் அருவியின் சாரலிலேயே உயிர் வாழும் பாசிக்கும் பெரணிக்கும் வேறு புகலிடம் ஏது? 'நான் ஒருவன்' என்று கூறிக்கொண்டு வரும் ஒவ்வொருவனும் அங்கே முதல்வன்தான்.

கலிபோர்னியாவின் வடபகுதியிலே, ரெட்டிங் நகருக்கு அருகே, விஸ்கிடவுன் என்றோர் இடம் உண்டு. 1963-இல் கென்னடி நேரில் வந்து அங்குள்ள அணையைத் திறந்து வைத்தார். அணையைச் சுற்றிய மலைக்காட்டிலே சுமார் 220 அடி உயரத்திலிருந்து பாறை படிப்படியாய் வீழ்கிறது ஓர் அருவி. அணையைக் கோடி மக்கள் அறிவர். அருவியை அறிந்தவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர்! மரம் வெட்டியோர் அறிந்திருந்தனர். காவல் பணியாளர் சிலர் அறிந்திருந்தனர். பாதையில்லை, இடம் ஆபத்தானது என்று கருதி வாயை மூடிக்கொண்டனர். ஏறத்தாழ 40 ஆண்டுகள் அது வெறும் வதந்தியாகவே வாழ்ந்தது. 2004-இல்தான் பூங்காப் பணியாளர்கள் வானிலிருந்து எடுத்த படங்களின் துணையோடு தேடிச்சென்று கண்டனர். 'கண்டுபிடிப்பு' என்று ஏடுகள் முழங்கின. வெள்ளையர் வருமுன் தலைமுறை தலைமுறையாய் அந்த மண்ணில் வாழ்ந்த வின்டு மக்கள் கால்படாத ஓடையா அது? போகட்டும்!

கண்ட பின்பு அவர்கள் செய்ததுதான் நமக்குப் பாடம். மீண்டும் மறைக்கவில்லை, புதர்வழியே போய்ப் பாருங்கள் என்று விட்டுவிடவும் இல்லை. பாதை அமைத்தனர். போக வர ஏறத்தாழ மூன்றரை மைல். ஏற்றம் மூச்சு வாங்கத்தான் செய்கிறது. ஆயினும் கயிறு கட்டிப் பாறையேறும் வீரனுக்கு மட்டுமல்ல, மெல்ல நடக்கும் முதியவருக்கும் அருவி எட்டுகிறது. அருவியின் ஓரத்தில் பாறையிலே படிகள், பிடித்துக்கொள்ளக் கம்பி, மேலே இரண்டு திட்டுகள். ஒன்றின் பெயர் ஓவியர் திட்டு, மற்றொன்று படமெடுப்போர் திட்டு! சரிவிலே உயிரைப் பணயம் வைத்து, மண்ணைச் சரித்து, எடுக்க வேண்டிய படத்தை, நின்ற நிலையில் எடுத்துக்கொள் என்று இடமே அமைத்துக் கொடுத்துவிட்டனர்.

பாதையே தாங்காத இடங்கள் உண்டே என்று கேட்கலாம். உண்டு, நாம் மறுக்கவில்லை. அத்தகைய இடத்தை மூடட்டும், காரணத்தைக் கூறி மூடட்டும். கூறிய காரணத்தைச் சோதிக்கலாம், எதிர்த்து வாதாடலாம், நிலைமை மாறினால் திறக்கச் சொல்லலாம். ஐஸ்லாந்திலே மூடியவர்கள் அப்படித்தான் வெளிப்படையாக மூடினர். பின்னர் நடைபாதையோடு திறந்தனர். புன்னகையோடு மறைத்து வைக்கப்பட்ட இரகசியத்தோடு யார் வாதாட முடியும்? நேரமும் பணமும் உடல்வலிவும் உள்ள சிலர், தமக்குள் கூடி, 'நாம் காணலாம், பிறர் காணலாகாது' என்று முடிவு செய்துகொள்வதற்கு இயற்கைப் பற்று என்று பெயரிட்டால் நாம் ஒப்புவதா? படத்தை மட்டும் ஊருக்குக் காட்டி, இடத்தைத் தமக்கென வைத்துக்கொள்வது பற்றல்ல, உடைமை உணர்ச்சி!

இன்னும் ஒன்று. 2018-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் விஸ்கிடவுனில் தீ மூண்டது. மூட்டியது அருவி காண வந்த கூட்டமல்ல. நெடுஞ்சாலையிலே ஒரு வண்டியின் சக்கரத்தில் காற்றுப் போய், இரும்பு வளையம் தார்ச்சாலையில் உராய்ந்து பறந்த பொறி! பூங்காவின் மிகப் பெரும்பகுதி எரிந்தது. அருவிக்குப் போகும் பாதையும் மூடப்பட்டது. அறிந்த காடும் எரிந்தது, அறியாத காடும் எரிந்தது. பாதையைப் பழுது பார்த்து, மீண்டும் மக்களுக்குத் திறந்துவிட்டனர். இருப்பதே தெரியாத அருவியாக அது இருந்திருந்தால், அதற்கு வழி எப்போது திறக்கும் என்று கேட்க யார் இருந்திருப்பார்கள்?