கேடயத்தில் பொறித்த கருணை

ஒரு நகரம் தன்னை எந்தச் சின்னத்தால் உலகுக்கு அறிவிக்கிறதோ, அச்சின்னத்தில் அதன் தர்ம சிந்தனையும் ஓரளவு அடங்கியிருக்கிறது. சிங்கமும் வாளும் கோட்டையும் மலிந்த ஐரோப்பிய நகரச் சின்னங்களுக்கிடையே, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் 1866-ஆம் ஆண்டில் முறைப்படி பெற்ற கேடயத்தில் பறவையும் மரமும் மணியும் மோதிரம் கவ்விய மீனுமே காணப்படுகின்றன. ஆயுதம் ஒன்றேனும் இல்லை.

இவை யாவும் அந்நகரின் ஆதி குருவாகப் போற்றப்படும் புனித மங்கோவின் சரித்திரத்தைச் சார்ந்தவை. மாண்ட ராபின் பறவையை அவர் உயிர்ப்பித்தாராம். அணைந்த மடத்து நெருப்பை மரக்கிளையால் மூட்டினார் என்பது ஐதிகம். மீனின் கதையோ இன்னும் ஆழமானது. கணவன் தந்த மோதிரத்தைப் பிறனொருவனுக்கு ஈந்த அரசியிடம், அதனைத் தானே கிளைடு நதியில் எறிந்துவிட்டிருந்த மன்னன், மோதிரம் எங்கே என்று வினவ, அவளுடைய பச்சாத்தாபத்துக்கு இரங்கிய முனிவர் ஒரு மீனிடமிருந்து அதை மீட்டளித்தாராம்.

குற்றமற்றவரைக் காப்பது நீதி. குற்றம் புரிந்து வருந்துபவரைக் காப்பது கருணை. சட்டத்தாலும் வரியாலும் இயங்கும் நகரசபை, நீதியை விடுத்துக் கருணையைச் சின்னமாகக் கொள்வது தகுமோ?

தேவ வசனத்தின் பிரசங்கத்தால் நகரம் தழைக்கட்டும் என்று நகரின் குறிக்கோள் வாசகமாக இருந்த பழைய பிரார்த்தனை, தழைக்கட்டும் என்ற அளவில் இன்று சுருங்கிவிட்டது. பக்தி குன்றியதாகச் சிலர் வருந்தக்கூடும். ஆயினும், பல சமயத்தாரும் சமயமே வேண்டாதாரும் கூடி வாழும் ஊரில், அற்புதத்தை ஏற்காதவனாலும் மன்னிப்பின் அவசியத்தை மறுக்க இயலாதாகையால், மீனை வைத்துக்கொண்ட நகரம் சமயத்தின் சாரத்தை இழந்துவிடவில்லை என்றே கருதுகிறேன்.