சம்பாதியின் கண்ணீர்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

வயது முதிர்ந்த ஒருவர் ஆசார்யன் திருவடி அடைந்தால், சுற்றத்தார் இரண்டு வார்த்தைகளால் தேற்றுவர். "நிறைவாக வாழ்ந்தவர்" என்பது ஒன்று. "பரமபதம் சேர்ந்தவர்க்கு அழலாமோ" என்பது மற்றொன்று. இரண்டும் மெய்யே. ஆயினும், முதுமையில் தனித்து நிற்கும் உடன்பிறந்தாரின் துயரை அவை ஆற்றுமோ, அன்றி அத்துயரை அறியாமை என்று தள்ளிவிடுமோ என்பது ஆராயத்தக்கது.

பாத்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்று, இன்று பின்னலாடைத் திருப்பூரோடு ஒன்றாய்க் கலந்துவிட்ட அனுப்பர்பாளையத்தில், எண்பது பிராயம் கடந்த அன்பர் ஒருவர் அண்மையில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். அவருக்குத் தமக்கையார் ஒருவர் உண்டு. மணமாகி வேறு கோத்திரம் புகுந்தவராகையால், தாயாதிகளுக்குரிய பத்து நாள் தீட்டு அவருக்கில்லை. தர்ப்பணம் செய்யும் பொறுப்பும் இல்லை. நாம் துக்கம் விசாரிக்கச் சென்றபோது அவர் சொன்னது இவ்வளவே: "என்னை அக்கான்னு கூப்பிட இனி ஒருத்தரும் இல்லையே."

இவ்வார்த்தையைக் கேட்டபோது, ஸ்ரீராமாயணத்தின் கிஷ்கிந்தா காண்டத்தில் வரும் சம்பாதியே நம் நினைவுக்கு வந்தார். முன்னொரு காலத்தில் சூரியனை நோக்கிப் பறக்கையில், வாடிய தம்பியைத் தம் சிறகால் மறைத்து, அதனால் சிறகு கரிந்து விந்தியத்தில் விழுந்தவர் அவர். பின்பு தம்பியை அவர் காணவேயில்லை. நெடுங்காலம் கழித்து, அங்கதன் வாயிலாக ஜடாயுவின் பெயர் செவியில் விழுகிறது. கூடவே மரணச் செய்தியும் வருகிறது.

இங்கு நோக்க வேண்டுவது ஒன்றுண்டு. பெரியவுடையாருக்கு இராமபிரானே ஈமக்கடன் செய்தருளினான் என்பதையும், அவர் உயர்ந்த கதியை அடைந்தார் என்பதையும் அங்கதன் சொல்லிவிட்டான். அதற்கு மேற்பட்ட பேறு யாருக்குண்டு? அதனைக் கேட்டபின்னும் சம்பாதி கண்ணீர் விட்டார். தம்பிக்கு நீர்க்கடன் கொடுக்கத் தம்மைக் கடற்கரைக்குக் கொண்டுசெல்லும்படி வேண்டினார். தம்பியின் கதியில் ஐயமுற்று அழுதாரல்லர். அண்ணனாயிருந்து தாம் செய்ய வேண்டியது எஞ்சி நின்றது.

நம் ஆசார்யர்களிடத்தும் இதனைக் காண்கிறோம். ஆசார்யஹ்ருதயம் அருளிய அழகியமணவாளப் பெருமாள் நாயனார் முன்னே திருநாடடைய, தமையனாரான பிள்ளைலோகாசாரியர் அவர் திருமுடியைத் தம் மடியில் வைத்துக் கதறினார் என்பர் பெரியோர். தத்வத்ரயமும் ஸ்ரீவசனபூஷணமும் அருளிய திருவுள்ளம் ஆத்மாவின் நித்யத்வத்தை அறியாததோ? சென்றவர் எம்பெருமானின் சொத்து. அவன் தன் சொத்தைக் கைக்கொண்டான். அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் உடனிருந்து அநுபவித்த சேர்த்தியை இழந்தவர் வருந்துவது அந்த ஞானத்துக்கு விரோதமன்று. அவனை உள்ளே கண்டுகொண்டிருந்தும் பிரிவாற்றாது கலங்கிய ஆழ்வாரின் திருவாய்மொழியை ஓதும் நாம் இதை அறியாதவரல்லோம்.

ஆகவே, இருப்பவரிடத்து நம் கடமை யாது? வானரர் செய்ததைப் பார்ப்போம். குறித்த தவணை கடந்து, உயிர்விடத் துணிந்து கிடந்தவர்கள் அவர்கள். பிராட்டி இருக்குமிடத்தைச் சம்பாதி சொல்லிவிட்டார், வேண்டியது கிடைத்துவிட்டது. எனினும் அவர்கள் உடனே புறப்பட்டுப் போகவில்லை. சிறகிழந்த அம்முதியவரைக் கடற்கரைக்கு எடுத்துச் சென்று, அவர் நீர்க்கடன் முடித்தபின் மீண்டும் அவ்விடத்தே கொண்டுவந்து சேர்த்தனர்.

பதின்மூன்று நாள் காரியங்கள் முடிந்து உறவினர் கலைந்தபின், ஒரு மூலையில் அமர்ந்திருக்கும் தமக்கையிடமோ தமையனிடமோ சென்று, "உங்கள் தம்பி சிறுபிராயத்தில் எப்படி இருப்பார்?" என்று கேட்பதும் பாகவத கைங்கர்யமே. சென்றவரை எம்பெருமான் பார்த்துக்கொள்வான். இருப்பவரைக் கடற்கரை வரையில் தாங்கிச் செல்லும் பணியை நம்மிடம் விட்டிருக்கிறான்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.